சாவி நம் கையில் இருந்த விளையாட்டு

1948 ஜூன் 16ஆம் தேதி காலையில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டத்தின் மேலாளர் ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் சைக்கிளில் வந்து சைக்கிளிலேயே போனார்கள். சற்று நேரத்தில் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் சுடப்பட்டுச் செத்தார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது அப்படித்தான். 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீண்டது. தோட்டத் தமிழர்களுக்கு அது முள்கம்பி வேலியும் ஊரடங்கும் அளந்து கொடுத்த அரிசியுமாக வந்த காலம். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி என்ற பேச்சு வந்தாலே எங்கள் தாத்தா பாட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டதற்குக் காரணம் இருந்தது.

அதே பேராக்கில், 2000ஆம் ஆண்டை ஒட்டி, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஏகே-47 வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஈப்போ டவுனிலும் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் கடைவீட்டு மாடிகளில் முளைத்த சைபர் கஃபேக்களில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஏர்கோண்ட் குளிரில், ஒரு துப்பாக்கியின் விலை 2,500 டாலர். விளையாட்டுப் பணம்தான். பையன்களுக்கு அந்தக் கடையின் பெயர் 'சிசி'. விளையாட்டின் பெயர் 'கவுண்டர்-ஸ்டிரைக்'.

இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் பையன்கள் இன்று தகப்பன்மார்கள். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள், ஷா ஆலாமில் வீடு வாங்கியவர்கள், ஈப்போவிலேயே லாரி ஓட்டுபவர்கள் எல்லாரும் உண்டு. தீபாவளிக்கு ஊர் கூடினால் யாராவது ஒருவர் மடிக்கணினியைத் திறந்து கவுண்டர்-ஸ்டிரைக்கின் பழைய 1.6 பதிப்பை ஓடவிடுகிறார். இது பேராக்கில் மட்டும் நடப்பதில்லை. உலகெங்கும் இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் அந்தப் பழைய பதிப்பை விளையாடுகிறார்கள். இன்னொரு சுடும் விளையாட்டான 'டூம்' வெளிவந்தது 1993 டிசம்பர் 10 அன்று. முப்பது ஆண்டு தாண்டியும் அதற்குப் புதிய கட்டங்களை அமைத்து வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திரையின் அடியில் ஒரு கையும் துப்பாக்கியும், மற்றபடி நீயேதான் கண் என்று அமைந்த இந்த விளையாட்டுகளில் அப்படி என்ன இருக்கிறது?

பெரியவர்கள் தரும் விடை எளிது: ரத்தவெறி. அவசரகாலத்தைக் கண்டவர்களின் மனம் அப்படி நினைப்பதை நான் மதிக்கிறேன். பள்ளிச் சீருடையோடு சிசியில் பிடிபட்ட பிள்ளைகளையும், இரவுப் பேக்கேஜுக்காக வீட்டில் காசு திருடியவர்களையும், சூதாட்ட இயந்திரம் வைத்துப் பிழைத்த கடைகளையும் பார்த்தவர்கள் அவர்கள். அந்தச் சேதம் உண்மையானது. ஆனாலும் ரத்தவெறி என்ற விடை நிற்காது. ரத்தத்தைத் தேடியே பையன்கள் போயிருந்தால், அதைவிடத் தத்ரூபமாக ரத்தம் காட்டும் விளையாட்டுகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதானே இருந்தன, அவற்றுக்கு மாறியிருப்பார்கள். கவுண்டர்-ஸ்டிரைக்கில் விழும் உடல் கட்டைபோல விழும். முகம் ஒட்டுப்போட்ட படம். அதைப் பார்க்கவா இருபத்தைந்து ஆண்டு?

ஒரு சுற்றைக் கிட்ட நின்று பார்த்தால் விஷயம் தெரியும். 'டஸ்ட் 2' என்ற வரைபடம். மணல் நிறச் சுவர்கள், மரப்பெட்டிகள், குண்டு வைக்க ஏ, பி என்று இரண்டு இடங்கள். டேவ் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் இளைஞர் 2001இல் அமைத்தது. முதல் சுற்றில் எல்லார் கையிலும் 800 டாலர். தவுக்கே (முதலாளி) மகனுக்கும் 800, லாரி டிரைவர் மகனுக்கும் 800. கைத்துப்பாக்கியோடு ஓட வேண்டும். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கோ போகும். நின்று, ஒரு நொடி அடங்கி, இரண்டு மூன்று குண்டு மட்டும் விட்டு விரலை எடுக்க வேண்டும். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் ஏகே-47இன் முனை மேலே ஏறி எதிரியின் தலைக்கு மேல் சுவரைத்தான் துளைக்கும். இதை யாரும் சொல்லிக்கொடுத்துப் பழக முடியாது. ரப்பர் தோட்டத்துப் பால் வெட்டுக்காரர்களுக்கு இது புரியும். கத்தி ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் இறங்காது. நடுவே இருக்கும் அந்த நூலளவை மணிக்கட்டு மட்டுமே அறியும், பல நூறு மரங்களுக்குப் பிறகு.

செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த விதியை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். பழைய 'குவேக்' விளையாட்டில் செத்த அடுத்த கணம் எழுந்து ஓடலாம். கவுண்டர்-ஸ்டிரைக்கில் செத்தவன் பார்வையாளன். சிசியில் அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பக்கத்துத் திரையை எட்டிப் பார்ப்பான். "மச்சான், லாங்ல ரெண்டு பேரு", "டேய், பின்னாடி பாரு" என்று கத்துவான். கடைசியாக உயிரோடு இருக்கும் ஒருவனின் பின்னால் நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சீனப் பையன், மலாய்ப் பையன், தமிழ்ப் பையன் ஒரே அணியில், மூன்று மொழியும் கலந்த ஒரு பேச்சில். பள்ளிக்கூடம் மொழிவாரியாகப் பிரித்துவைத்த பிள்ளைகள் அந்த மாடியில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தார்கள். விளையாட்டைக் குறை சொல்லும் எந்தப் பெரியவரும் இதற்கு ஈடாக ஓரிடத்தை அவர்களுக்குத் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் விளையாட்டின் உள்ளே இருப்பவை. ஆயுளுக்குக் காரணம் வெளியிலும் இருக்கிறது. என் கவனம் அதில்தான்.

டூமை எழுதிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் அதன் முதல் பகுதியை இலவசமாக விட்டது. படியெடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கலாம் என்றது. கட்டங்களைத் தனிக் கோப்பாக வைத்து, யாரும் மாற்றி எழுத வழிவிட்டது. 1997 டிசம்பரில் டூமின் மூலநிரலையே பொதுவில் வைத்தது. இரண்டு ஆண்டு கழித்துக் குவேக்கின் நிரலையும் வைத்தது. குவேக்கின் எந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கித் திருத்தித்தான் வால்வ் நிறுவனம் 1998இல் 'ஹாஃப்-லைஃப்' செய்தது. அந்த வட்டுக்குள்ளேயே வரைபடம் அமைக்கும் 'வேர்ல்ட்கிராஃப்ட்' கருவியையும் சேர்த்துக் கொடுத்தது. மின் லே என்ற வியட்நாமியக் கனடிய மாணவரும் ஜெஸ் கிளிஃபும் அப்படித் திறந்துவிடப்பட்ட ஹாஃப்-லைஃப்பின் மேல் 1999 ஜூனில் கட்டியதுதான் கவுண்டர்-ஸ்டிரைக். மறு ஆண்டு நவம்பரில் வால்வ் அதைத் தன் வெளியீடாக்கிக்கொண்டது. ஒருவர் கதவைத் திறந்து வைத்ததால் இன்னொருவர் உள்ளே வந்து வீடு கட்டினார்.

ஹாஃப்-லைஃப் ஓட 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 24 மெகாபைட் நினைவகமும் போதும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. அதனால்தான் கைமாறி வந்த கணினிகளோடு ஈப்போவில் ஒரு கடை திறக்க முடிந்தது. பத்து இருபது கணினி, அவற்றை இணைக்க ஒரு ஹப், நீலக் கம்பிகள். இணையம் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. சந்தைக் கடையில் வாங்கிய திருட்டு வட்டிலிருந்து ஏற்றிய கடைகள் நிறைய. அதை நியாயப்படுத்தவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 2004 ஜூலையில் வால்வ் 'வான்' (WON) என்ற தன் பழைய இணைய ஆட்டச் சேவையை மூடியபோது, 1.5 பதிப்பை இணையத்தில் ஆடியவர்களுக்கு வழி அடைபட்டது. சிசிக்குள் அன்று எதுவும் மாறவில்லை. சேவையகம் தவுக்கேயின் மேசைக்கடியில் இருந்தது. அதை அணைக்கும் அதிகாரம் அமெரிக்காவில் யாருக்கும் இல்லை.

ஆட்டம் யார் கையில் இருக்கிறது என்ற இந்த வேறுபாடு பேராக்கின் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உறைக்க வேண்டும். மூன்று தலைமுறை லயத்து வீட்டில் வாழ்ந்தார்கள். வாசலில் முருங்கை வைத்தார்கள், பின்னால் மாடு கட்டினார்கள், மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பித் தீ மிதித்தார்கள். வீடு மட்டும் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்றைய தமிழ்ப் பத்திரிகைகள் எழுதிய கதை அதுதான். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த நேரத்தில். தோட்டம் தோட்டமாகப் போய், பால் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் அப்படி வாங்கப்பட்டதுதான். அந்தச் சங்கத்துக்கு வெளியே நின்ற தோட்டங்கள் பலவற்றில், பின்னாளில் பால் மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள், அல்லது தாமான் வீடுகள் கட்டினார்கள். லயம் இருந்த இடம் இன்று பார்த்தால் தெரியாது.

லயத்திலிருந்து மலிவு விலை வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த குடும்பங்களில் பிறந்தவர்கள்தான் நான் சொல்லும் சிசிப் பையன்கள். டஸ்ட் 2 அவர்கள் மனப்பாடமாக அறிந்த இடம். எந்தப் பெட்டியின் மேல் ஏறினால் எது தெரியும், எந்தக் கதவின் இடுக்கில் எதிரியின் கால் தெரியும் என்பதெல்லாம் இருபது ஆண்டு கழித்தும் கண்ணை மூடிச் சொல்வார்கள். அந்த இடத்தை யாரும் விற்கவில்லை, இடிக்கவில்லை. 1.6-இல் அது அன்றிருந்தபடியே இருக்கிறது.

சிசிகள் தாங்கவில்லை. வீட்டுக்கு வீடு அகலக்கற்றை வந்தது, பிறகு கைப்பேசி வந்தது. 2020 மார்ச் 18 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் எஞ்சியிருந்தவற்றில் பலவும் மூடின. இன்று பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளை நான் வெறுக்கவில்லை. அவற்றில் திறமை உண்டு, நட்பும் உண்டு. ஆனால் சாவி அவர்கள் கையில் இல்லை. சோனி நிறுவனம் 'கான்கார்ட்' என்ற சுடும் விளையாட்டை 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்டு, கூட்டம் வராததால் செப்டம்பர் 6 அன்று அணைத்துவிட்டது. இரண்டே வாரம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் அதை இனி யாரும் ஆட முடியாது. வால்வே 2023இல் புதிய கவுண்டர்-ஸ்டிரைக்கைக் கொண்டுவந்தபோது, பத்தாண்டுக்கு மேல் ஆடப்பட்ட முந்தைய பதிப்பின் இடத்தில் அதைத் திணித்தது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை நிறுவனம் கொல்லக்கூடாது என்று ஐரோப்பாவில் தொடங்கிய இயக்கம் 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. வேலையோடு வீட்டையும் இழந்தவர்களின் பேரர்களுக்கு அந்தக் கோரிக்கையை விளக்கத் தேவையில்லை.

ஆகவே நம்மால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பழைய வட்டுகளும் கணினிகளும் பலர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. வன்வட்டுகள் நெடுநாள் உயிரோடு இருக்காது. நம் இளைஞர் மன்றங்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் பட்டிமன்றத்துக்கும் கால்பந்துக்கும் செலவிடும் அக்கறையில் சிறு பகுதியை இதற்குத் தரலாம். கோயில் மண்டபத்தில் எட்டு மேசை போட்டு, ஒரு சுவிட்ச் வைத்து, தகப்பனும் மகனும் எதிரெதிர் அணியில் உட்காரட்டும். பகலில் நடக்கட்டும், தாய்மார்கள் வந்து பார்க்கட்டும்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. ஹாஃப்-லைஃப் வட்டோடு வந்த 'வேர்ல்ட்கிராஃப்ட்' வரைபடக் கருவி 'ஹேமர்' என்ற பெயரில் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டு ஒரு தோட்டத்தைக் கட்ட வேண்டும். அந்த எந்திரத்தில் ஓர் அலகு ஏறக்குறைய ஓர் அங்குலம். நிற்கும் ஆள் 72 அலகு உயரம். வரைபடத்தின் பெரும எல்லை ஒவ்வொரு பக்கமும் 8,192 அலகு, அதாவது சுமார் 680 அடி. ஒரு முழுத் தோட்டம் இதற்குள் அடங்காது. இரண்டு வரிசை லயம், மாரியம்மன் கோயில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பால் நிறுக்கும் கொட்டகை, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் அடங்கும். துப்பாக்கியே இல்லாமல் நடந்து மட்டும் பார்க்கும்படி முதலில் கட்டலாம். என் விருப்பமும் அதுதான். பிறகு ஆட வேண்டுமா என்பதை அந்தந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் தீர்மானிக்கட்டும்.

லயத்து அறை எத்தனை அடி, பிள்ளைமடுவம் கோயிலுக்கு எந்தப் பக்கம், பெரட்டுக்கு எந்த மரத்தடியில் நின்றார்கள் என்று அளவும் திசையும் சொல்லக்கூடியவர்கள் எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். கணினி தெரிந்த பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே வீட்டில் இருப்பது தீபாவளி விடுமுறையில்தான். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பாட்டியிடம் முதலில் கேட்க வேண்டியது, குழாயடி எங்கே இருந்தது என்று. லயத்தில் எல்லா வழிகளும் அங்கேதான் வந்து சேர்ந்தன, அங்கிருந்து வரையத் தொடங்கினால் மற்ற இடங்கள் தாமாகவே நினைவுக்கு வரும்.