மூடித் தள்ளிய அறிவிப்பு

ஜொகூர் பாருவில் ஒரு சிறிய அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகையின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்திற்குள், வாடிக்கையாளர் அனுப்பிய பிடிஎஃப் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்த பெண், திரையின் மூலையில் எழும்பிய புதுப்பிப்பு அறிவிப்பை மூன்று முறை மூடித் தள்ளினாள். கண்ணுக்குக் காகிதம்போலத் தோன்றும் அக்கோப்பினுள் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகள் ஒளிந்திருக்கலாம் என்பதும், வாசிக்கும் மென்பொருளில் ஓட்டை இருந்துவிட்டால், திறந்த மாத்திரத்தில் கணினி அந்நியர் வசமாகிவிடலாம் என்பதும் அவளுக்கு எவரும் எடுத்துச் சொல்லாத விஷயம். 2009 டிசம்பர் மத்தியில் அடோபி ரீடரில் அத்தகைய பழுதொன்று, விஷமிகள் அதனை ஏற்கெனவே உபயோகித்துக்கொண்டிருந்த நிலையில் அம்பலமானபோது, பரிகாரமான புதுப்பிப்பு 2010 ஜனவரி 12 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட நான்கு வாரங்களும் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவைப்பதே சாமானியருக்கு இருந்த பிரதான ரட்சை. 2010 நவம்பரில் வந்த ரீடரின் பத்தாம் பதிப்பு, கோப்பைத் தனியறையில் அடைத்துத் திறக்கும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. ஓட்டைகள் அதன் பின்னும் ஓயவில்லை. 1997 முதல் இயங்கும் நம் மலேசியாவின் கணினி அவசர உதவிக் குழுவான மைசெர்ட் இத்தகைய ஓட்டைகள் பற்றிய எச்சரிக்கைகளை வெளியிட்டுத்தான் வருகிறது. ஆனால் மாசாயிலும் குளுவாங்கிலும் கடை நடத்தும் நம்மவர் காதில் அவை தமிழில் விழவேண்டுமே என்பதுதான் என் ஆதங்கம். “இப்ப போட்டா வேல நின்னுரும், அங்கிள்; முதலாளி ஏசுவாரு” என்றாள் அந்தப் பெண். புதுப்பிப்புக்கு வேண்டிய கால் மணி நேரத்தை அவளுக்கு அளிக்கவேண்டியவர் முதலாளிதான்.