தட்டைக் கழட்டலாமா, வேணாமா? – ஒரு போர்ஷே பஞ்சாயத்து

காத்துலயே குளிர்ற என்ஜின் வச்ச பழைய போர்ஷே 911 ஓட்டறவங்க நாலு பேர் ஒரு இடத்துல சேர்ந்தா, ஒரு பஞ்சாயத்து கட்டாயம் உண்டு. என்ஜினுக்கு அடியில கம்பெனியே மாட்டி அனுப்பின தட்டை அப்படியே வச்சிருக்கணுமா, கழட்டி எறியணுமா? ஒரு பக்கம் "அது இருந்தா என்ஜின் வெந்துடும்" கோஷ்டி. இன்னொரு பக்கம் "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" கோஷ்டி.

நான் எந்தக் கட்சின்னு முதல்லயே சொல்லிடறேன். ரோட்டுல ஓடற காரா இருந்தா கழட்டக் கூடாது. ஆனா ரெண்டாவது கோஷ்டி சொல்ற காரணத்துக்காக இல்லை.

"நீயே பொட்டி தட்டறவன், உனக்கெதுக்கு இந்த வேலை?"ன்னு நீங்க கேக்கறது கேக்குது :-) படிச்சது மெக்கானிக்கல், பண்றது ஜாவா. ஆணி புடுங்கறது அதே போர்ஷே பொறந்த ஸ்டுட்கார்ட்ல. எங்க டீம்ல ஒரு ஜெர்மன்காரர் 1991 மாடல் 911 வச்சிருக்கார். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தயாரிப்பு நின்னுபோன மாடல். ஆயில் மாத்தறதுக்காகக் கழட்டின தட்டு அவர் கராஜ் சுவத்துல சாஞ்சு நிக்குது. திருப்பி மாட்டவா வேணாமான்னு மத்தியான சாப்பாட்டு நேரத்துல ஒரே விவாதம். இது சும்மா பொழுதுபோக்கு விஷயம் இல்லீங்க. அந்த என்ஜினைப் பிரிச்சுப் புதுப்பிக்கிற செலவு என்னோட ஒரு வருஷச் சேமிப்பை முழுங்கிடும்.

கார் பைத்தியம் இல்லாதவங்களுக்காக ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். 1963-ல ஃப்ராங்ஃபர்ட் கண்காட்சியில அறிமுகமானதுல இருந்து 1998 வரைக்கும் 911-ல ரேடியேட்டர் தண்ணி கிடையாது. பின்னாடி படுத்திருக்கற ஆறு சிலிண்டருக்கு மேல ஒரு பெரிய ஃபேன். அது மேலிருந்து காத்தை இழுத்து சிலிண்டர் மேல அடிக்கும். சூடான காத்து அடிப்பக்கமா வெளியே போயிடும். பாதி வேலையை ஆயில் பாத்துக்கும். 1989 மாடலா வந்த 964-லதான் என்ஜினுக்கு அடியில இந்தத் தட்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த 911-களுக்கு அடிப்பக்கம் திறந்த வெளி. "25 வருஷம் தட்டில்லாமதானே ஓடிச்சு?"ன்னு முதல் கோஷ்டி கேக்கறது இதை வச்சுத்தான்.

கேள்வி நியாயம்தான். ஆனா "மூடி இல்லைன்னா நல்லா குளிரும்"கிறது எல்லா என்ஜினுக்கும் பொருந்தாது. நம்ம ஊர் புல்லட்டையும் பழைய பஜாஜ் சேத்தக்கையும் நினைச்சுப் பாருங்க. புல்லட் என்ஜின் வெளியில நிக்குது, ஓடற வேகத்துல காத்து தானா வந்து மோதும். சேத்தக்ல ஃபேன் வச்சு, தகர மூடிக்குள்ள காத்தைத் தள்ளிக் குளிர வைப்பாங்க. அந்த மூடியைக் கழட்டினா காத்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது. 911 ரெண்டாவது ஜாதி. அதனால சிலிண்டரைச் சுத்தியிருக்கற தகடுகள்ல யாரும் கை வைக்கறதில்லை. அடித்தட்டு அந்த வகையான்னா, இல்லை. அது காத்தை சிலிண்டருக்குக் கொண்டு போறதில்லை, சூடான காத்து வெளியே போற வழியில நிக்குது. அதனால முதல் கோஷ்டி சொல்றதை முட்டாள்தனம்னு ஒதுக்க முடியாது.

அப்புறம் எதுக்கு அதை மாட்டினாங்க? ரெண்டு காரணம். ஒண்ணு, காத்துத் தடை. முந்தின மாடல்ல 0.39 அளவுல இருந்த எண், 964-ல 0.32-க்கு இறங்குச்சு. முழுக்க தட்டோட புண்ணியம் இல்லை, புது பம்பரும் மத்த மாற்றமும் சேர்ந்துதான். ஆனா அதுல தட்டுக்கும் பங்கு உண்டு. ரெண்டாவது காரணம்தான் முக்கியம்: சத்தம். புது மாடலுக்கு அனுமதி வாங்கணும்னா, பாதைக்கு நடுவுல இருந்து 7.5 மீட்டர் தள்ளி ரெண்டு பக்கமும் மைக் வச்சு, கார் முழு ஆக்சிலேட்டர்ல கடந்து போறப்ப அளப்பாங்க. தண்ணி சுத்தி நிக்கற என்ஜின்ல அந்தத் தண்ணியே கொஞ்சம் சத்தத்தை அமுக்கும். இதுல அது கிடையாது, கூடவே ஃபேன் வேற ஊளையிடும்.

ஆக, தட்டால வர்ற கஷ்டம் ஓட்டறவருக்கு: கூடுதல் சூடு, ஒவ்வொரு ஆயில் மாத்தலுக்கும் கழட்டி மாட்டற வேலை. தட்டால வர்ற லாபத்துல பெரும்பங்கு ரோட்டோரம் நிக்கறவருக்கு. கார்க்குள்ள உக்காந்திருக்கறவருக்கு அது உபயோகமில்லாத சாமானாத் தெரியறதுல ஆச்சரியமே இல்லை. நம்ம வேலையிலயும் இது உண்டே. கமெண்ட் இல்லாத பழைய கோடைப் பாத்து "இதை யாரும் கூப்பிடறதே இல்லை"ன்னு தூக்குவோம். கூப்பிடறவன் வேற டீம்ல இருப்பான்.

சரி, சூட்டுக்கு வருவோம். "கழட்டினேன், ஆயில் முள்ளு இறங்கிடுச்சு"ன்னு ஒருத்தர் சொல்வார். "கழட்டினேன், முள்ளு அசையவே இல்லை"ன்னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டு பேரும் உண்மையே சொன்னாலும் பிரச்சினை தீராது. ஏன்னா தட்டால கெடும்னு சொல்லப்படறது சிலிண்டர் ஹெட்டும் வால்வ் கைடும். முள்ளு காட்டறது ஆயிலோட சூட்டை. சிலிண்டரைத் தாண்டி ஏற்கெனவே சூடான காத்துதான் அடிப்பக்கம் வருது, எக்ஸாஸ்ட் வாசலும் அங்கேதான் இருக்கு. அங்க என்ன நடக்குதுன்னு டேஷ்போர்டுல தெரியாது. நிஜமா தெரிஞ்சுக்கணும்னா, சின்ன விமானங்கள்ல செய்யற மாதிரி ஸ்பார்க் பிளக்குக்கு அடியில ஒரு தெர்மோகப்புள் வளையம் மாட்டி, அதே ரோட்டுல, அதே வெயில்ல, தட்டோட ஒரு தடவை, தட்டில்லாம ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும். 964-ல சிலிண்டருக்கு ரெண்டு வீதம் 12 பிளக் இருக்கு, இடத்துக்குப் பஞ்சமில்லை :-) அளக்காம கழட்டறவங்களும் சரி, அளக்காம மாட்டறவங்களும் சரி, ரெண்டுமே நம்பிக்கை, அறிவியல் இல்லை.

அதுக்கும் முன்னாடி, சூடு நிஜமாவே தட்டாலதானான்னு பாக்கணும். ஆயில் கூலர் வலது முன் சக்கரத்துக்கு முன்னாடி இருக்கு. இலையும் தூசியும் அடைச்சிருக்கும். அதோட ஃபேன் ரெண்டு வேகத்துல ஓடணும். மெது வேகத்துக்கு இருக்கற ரெசிஸ்டர் 30 வருஷம் ஆன கார்ல எரிஞ்சு போயிருக்கறது சகஜம். அப்ப ஆயில் நல்லா கொதிக்கற வரைக்கும் ஃபேன் சும்மா இருந்துட்டு, கடைசியில முழு வேகத்துல அலறும். டிராஃபிக்ல நிக்கறப்ப பின்னாடி ஸ்பாய்லரை பட்டனை அழுத்தித் தூக்கி விட்டா என்ஜினுக்குக் காத்து வர்ற வழி பெருசாகும். இதையெல்லாம் விட்டுட்டு தட்டைக் குத்தம் சொல்றது, காய்ச்சலுக்குச் சட்டையைக் கழட்டற வைத்தியம்.

ஆயில் ஒழுக்கு இருந்தா விஷயம் வேற. சொட்டற ஆயில் தட்டுல தேங்கும், ஒழுகறதே தெரியாது, பக்கத்துலயே கொதிக்கற எக்ஸாஸ்ட். இது தீ ஆபத்து. ஆனா அதுக்கு மருந்து ஒழுக்கை நிறுத்தறது. தட்டைக் கழட்டினா ஆயில் ரோட்டுல சொட்டும், பின்னாடி வர்ற பைக்காரர் வழுக்குவார்.

கடைசியா, ஜெர்மனியில இது சொந்த விருப்பமும் இல்லை. சத்தத்தையோ புகையையோ மோசமாக்கற மாற்றம் செஞ்சா வண்டியோட இயக்க அனுமதியே காலாவதியாகும்னு இங்க வாகன அனுமதி விதியோட 19-ம் பிரிவு சொல்லுது. 30 வயசு தாண்டி, ஒரிஜினல் நிலைமையில இருக்கற காருக்கு "ஹெச்" நம்பர் பிளேட் கிடைக்கும், வருஷத்துக்கு 191 யூரோ சொச்சம் வரியோட முடிஞ்சுடும். அதை ஒரு தட்டுக்காகப் பணயம் வைக்கணுமா?

ரேஸ் டிராக்ல மட்டும் ஓட்டறவங்க, ஹெட் சூட்டை அளந்து பாத்துட்டுக் கழட்டறதா இருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். ரோட்டுல ஓட்டறவங்க கூலரைச் சுத்தம் பண்ணுங்க, ரெசிஸ்டரை மாத்துங்க, ஒழுக்கை அடைங்க, தட்டைத் துடைச்சு மாட்டுங்க. டீம் நண்பர்கிட்டயும் இதையேதான் சொன்னேன். அதுக்கப்புறமும் அளந்து பாத்துச் சூடு அதிகம்னா, சத்தத்துக்கு வேற வழி கண்டுபிடிச்சு, இன்ஸ்பெக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டுக் கழட்டட்டும். நடைபாதையில போறவருக்கு இந்த விவாதத்துல ஓட்டு இல்லை. அவர் சார்பா அந்த ஒரு தட்டுதான் இருக்கு.

டிஸ்கி: எனக்குச் சொந்தமா இருக்கறது ஒரு சைக்கிள். அதுவும் காத்துலயே குளிர்ற வண்டிதான், அடித்தட்டு கிடையாது. மாத்துக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க :-)