ஊசிக்கு முன்னால் கற்க வேண்டியது

பத்தாவது முடித்திருந்தால் போதும், ஓராண்டில் நர்ஸ் ஆகிவிடலாம் என்று ஆசை காட்டும் சுவரொட்டிகள் தமிழ்நாட்டு நகரங்களுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரமும் அதற்கு விலக்கில்லை. தறியில் வருமானம் போதாமல் போன வீடுகளில், பெண் பிள்ளைக்கு ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் சரி என்று நினைக்கும் பெற்றோருக்கு அந்தச் சுவரொட்டி பெரிய நம்பிக்கை. ஆனால் அது சொல்வது உண்மையல்ல. ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் இவற்றில் ஒன்றை முறையாகப் படித்தவர்தான் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியும். அவற்றுக்கு முறையே இரண்டு, மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். தனியார் நிலையம் தரும் ஓராண்டுச் சான்றிதழ் அந்தக் கதவைத் திறக்காது. அதை வைத்துக் கிடைப்பது நர்சிங் அசிஸ்டன்ட் வேலை.

அந்த வேலையை மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, இந்த உதவியாளர்தான். பிரச்சினை பயிற்சியில் இருக்கிறது. ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, வெள்ளைக் கோட்டு ஆகியவைதான் அங்கே கவர்ச்சி. உடம்பு துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் ஆயா வேலை என்று ஒதுக்கப்படுகின்றன. எது முக்கியம் என்பதே தலைகீழாகிவிட்டது.

காஞ்சிபுரத்துக்கு இந்த வேலையாட்கள் எவ்வளவு தேவை என்பதைப் பெரிய ஆய்வு இல்லாமலே சொல்லலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, முதுகை வளைத்தே வாழ்நாளைக் கழித்தவர்கள் முதுமையில் முட்டியும் இடுப்புமாக முடங்குகிறார்கள். 1969இல் புற்றுநோயால் இறந்த அண்ணாவின் பெயரில், அவர் பிறந்த ஊரான இங்கே, காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் எத்தனையோ பேருக்கு இனி மருந்தைவிடப் பராமரிப்பே பெரிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அவர்கள் வந்துவிட்டுப் போய்விடுவார்கள். மீதி நேரமெல்லாம் நோயாளியின் உடம்பு யார் கையில்?

படுக்கைப் புண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கும் தோலுக்கு இரத்தம் போகாமல் அது அழுகிப் போவதுதான் படுக்கைப் புண். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், பின்மண்டை, காது மடல் என வருகிற இடங்கள் எல்லாம் தெரிந்தவைதான். தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பதும் எல்லாப் பயிற்சி நிலையங்களிலும் எழுதிப் போடப்படுகிறது. எப்படித் திருப்புவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அக்குளில் கை கொடுத்து இழுத்தால் மெத்தையில் உரசி அங்கேயே தோல் வழன்றுவிடும். தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி ஒரு விரிப்பை மடித்து நோயாளிக்கு அடியில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். முழுசாக ஒருக்களிக்க வைத்தால் பாரமெல்லாம் இடுப்பு எலும்பில் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை.

வீட்டார் பாசத்தில் செய்கிற தவறுகளும் உண்டு. சிவந்த இடத்தை ஸ்பிரிட் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். அடியில் நசுங்கியிருக்கும் சதை மேலும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை வாங்கி உட்கார வைப்பார்கள். அது விளிம்பில் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஏர் பெட் வாங்கிப் போட்டாயிற்று, இனித் திருப்ப வேண்டியதில்லை என்று நிம்மதியாகத் தூங்குவார்கள். ஏர் பெட்டிலும் திருப்பியாக வேண்டும். இதையெல்லாம் வீட்டாருக்கு மரியாதையாக எடுத்துச் சொல்லத் தெரிவதும் உதவியாளரின் படிப்பில் ஒரு பகுதிதான்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்று பாடத்தில் இருக்கும். வெள்ளைத் தோலில் அது பளிச்சென்று தெரியும். கருத்த, மாநிறத் தோலில் தெரியாமலே போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று கையால்தான் பார்க்க வேண்டும். விரலால் தடவியே பட்டின் தரத்தைச் சொல்லும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கைவராத வித்தையா என்ன? சொல்லிக்கொடுக்க ஆள்தான் வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கும் இதே கோளாறு உண்டு. கறுப்பினத்தவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை அந்தக் கருவி தவறவிடுவது, வெள்ளையரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டார்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். சாயப் பட்டறை வேலையில் கறை ஏறிய விரலென்றால் வேறு விரலைத் தேடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி என்ன சொன்னாலும் ஆளின் மூச்சைப் பார்க்க வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அமைதியாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். சார்ட்டில் எல்லாருக்கும் 18 என்று எழுதி வைக்கும் பழக்கம் ஆஸ்பத்திரிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். எண்ணாமல் எழுதிய எண் அது.

பார்த்ததைச் சொல்லத் தெரிவது அடுத்த பாடம். “தாத்தா ராத்திரியெல்லாம் நல்லாத்தான் இருந்தாரு” என்பதால் யாருக்கும் பயனில்லை. “நாலு மணிக்கு எழுப்பித் தண்ணி கொடுத்தேன், தெளிவா பேசினாரு. அஞ்சரைக்குப் பார்த்தா வாய் கோணியிருந்தது, வலது கையைத் தூக்க முடியல” என்று சொன்னால் டாக்டருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு, கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அந்த நேரத்தை அறிந்தவர் பெரும்பாலும் கட்டிலருகே இருந்த உதவியாளர் ஒருவர்தான்.

இனி அந்த ஊசி விஷயம். வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் வீட்டார் “சிஸ்டர்” என்று கூப்பிட்டு, “அந்த இன்சுலினையும் போட்டுவிடும்மா” என்பார்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடலாம், அல்லது பாதிக்கும் கீழே போகலாம். கூடினால் சர்க்கரை இறங்கி, நோயாளி தூக்கத்திலேயே மயங்கிவிடும் ஆபத்து உண்டு. “இது என் வேலையில்லைங்க, நர்ஸைக் கூப்பிடுங்க” என்று சொல்கிற தைரியத்தையும் வகுப்பிலேயே பழக்க வேண்டும். ஊசி போடக் கற்றுத்தருவோம் என்று ஆசை காட்டிச் சேர்த்த நிலையம் அதைப் பழக்குமா?

முதியோர் இல்லங்களில் நடந்த அவலங்கள் வெளியே வந்த பிறகு, அமெரிக்கா 1987இல் ஒரு சட்டம் போட்டது. அங்கே முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் உதவியாளர் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும், கையால் செய்துகாட்டித் தேர்வாக வேண்டும், மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். நோயாளியைத் துன்புறுத்தியதாக உறுதியானால் அதுவும் அந்தப் பதிவேட்டில் ஏறும். 75 மணி நேரம் போதாது என்று அங்கேயே பலர் சொல்கிறார்கள். இங்கே ஓராண்டு படித்தவரைக்கூட அப்படி எந்தப் பதிவேட்டிலும் தேடிப் பார்க்க வழியில்லை. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட் என்ற பயிற்சி இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் ஏஜென்சி ஆளை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற கட்டாயம் இல்லை.

தமிழ்நாடு அரசு இதை மாவட்ட அளவில் தொடங்கலாம். 2019இல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி அந்தப் பக்கம் போனாலும், காஞ்சிபுரத்துக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையும் காரப்பேட்டையும் மிச்சம் இருக்கின்றன. தனியார் நிலையம் எங்கே பாடம் நடத்தினாலும் நடத்தட்டும். தேர்வு மட்டும் இந்த வார்டுகளில், கட்டிலருகே, மூத்த செவிலியர்கள் முன்னால் நடக்க வேண்டும், முழுக்கத் தமிழில். கை கழுவிக் காட்டு, இவரைத் திருப்பிக் காட்டு, மூச்சை எண்ணிச் சொல், எது உன் வேலையில்லை என்று சொல் என்று கேட்கட்டும். தேறியவர் பெயரை யாரும் பார்க்கும்படி இணையத்தில் போடட்டும். அந்தப் பட்டியலில் உள்ளவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் சம்பளம் என்று சேர்த்தே அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்காகப் பயின்ற பெண்ணும் ஆறு மாதத்தில் ஒரகடம் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுவார்.