இரண்டாவது தொகுப்பு

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இளையராஜா என்றவுடன் நமக்கு நினைவில் எழுவன திரைப்படப் பாடல்களே. ஆத்தூர்ப் பேருந்து நிலையத் தேநீர்க்கடையிலும், கெங்கவல்லிக்குச் செல்லும் பேருந்திலும் நாம் கேட்பவை அவைதாம். எண்பதுகளில் திரைக்கு வெளியே அவர் தந்த இரண்டு இசைத் தொகுப்புகளைப் பற்றி நண்பர்களிடம் கேட்டேன். முதலாவதான ‘ஹவ் டு நேம் இட்’டைச் சிலர் அறிந்திருந்தனர். இரண்டாவதான ‘நத்திங் பட் விண்ட்’டை அறிந்தவர் ஒருவருமில்லை. அந்த இரண்டாவதே மேலானது என்பது என் கருத்து. பேராசிரியப் பெருமக்கள் மாறுபடக்கூடும்.

1986இல் வந்த முதல் தொகுப்பைத் தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் அவர் காணிக்கையாக்கினார். வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே அதைப் பலமுறை கேட்கலாம். ஆயினும், இரு பெரியவர்கள் முன்னே தன் தகுதியை மெய்ப்பிக்க நிற்கும் மாணவனின் விறைப்பு அதில் எனக்குத் தெரிகிறது. நேர்முகத் தேர்வுக்குச் சென்று வந்தவர்களுக்கு அந்த விறைப்பு புரியும். 1988இல் வந்த இரண்டாவதில் அது தளர்ந்துவிட்டது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் முன்னே செல்ல, வயலின்கள் கூட்டமாகப் பின்தொடர்கின்றன. யாருக்கும் எதையும் மெய்ப்பிக்கும் அவசரமில்லை.

‘காற்றன்றி வேறில்லை’ என்பது அத்தலைப்பின் பொருள். இது வெறும் கவிதையன்று, இயற்பியலும் ஆகும். குழலில் பாடுவது மூங்கில் அன்று. உள்ளே அதிரும் காற்றுத் தம்பமே. துளையைத் திறந்தால் தம்பம் குறுகும், சுருதி ஏறும். நம் கருநாடகக் குழலுக்கு விரல் துளைகள் 8. சௌராசியா வாசிக்கும் பான்சுரிக்கு 6. நீளமும் மிகுதி, ஆகவே சுருதி தாழ்ந்தது. அந்தக் கனத்த குரல் அங்கிருந்துதான் வருகிறது. ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டி நாம் அளப்பதும் இதைத்தான். பதிவேட்டில் கையொப்பம் வாங்கியதும் மறந்துவிடுகிறோம்!

குறை இல்லாமலில்லை. ‘மொசார்ட் ஐ லவ் யூ’ என்ற பகுதியில் பழைய விறைப்பு திரும்பவும் எட்டிப் பார்க்கிறது. தலைப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருப்பது அதைவிடப் பெரிய குறை. பண்ணைப்புரத்தில் பிறந்தவரின் இசை பண்ணைப்புரத்தாருக்கு அன்று என்று அட்டையே சொல்லிவிடுகிறதே!

குச்சிக்கிழங்கு மூட்டை சுமக்கும் என் தந்தைக்கு அத்தலைப்புகளைப் படிக்கத் தெரியாது. ஓர் இரவு கைப்பேசியில் ஒலிக்கவிட்டேன். “பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?” என்றார். இதுதான் பாட்டு என்றேன். முடியும்வரை பேசவில்லை. “இன்னொருக்கா போடு” என்றார். சொல்லில்லாத இசை நம்மவர்க்குப் புரியாது என்போர்க்கு என்னிடமுள்ள விடை இவ்வளவே.

நம் கல்லூரி விழாக்களில் திரைப்பாடலுக்குத் தரும் நேரத்தில் பத்து நிமிடம் இத்தகைய இசைக்கும் தரலாம். வரவேற்புரை, விளக்கவுரை எதுவும் வேண்டாம்; ஒலிபெருக்கி இரையாமல் இருந்தால் போதும்.