எழுத்தில்லாத தாய்மொழி



பீங்கான் பொருள்களுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தின் இரயில் சந்திப்பில் அண்மையில் வண்டிக்காகக் காத்திருந்தோம். அருகே பாசிமணி கோத்துக்கொண்டிருந்த நரிக்குறவப் பெண்மணி ஒருவர், தம் மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். சிறுமியும் கலகலவென மறுமொழி தந்தாள். பக்கத்திலிருந்த பெரியவர், "இது என்ன பாஷையோ! காக்கை கத்துவது போலிருக்கிறது" என்றார். சிறுமி சட்டென வாய் மூடினாள். அதன்பின் அவள் தாயிடம் பேசியதெல்லாம் தமிழிலேதான். நாமோ பெரியவரிடம் ஒரு சொல்லும் கூறாமல் வாளாவிருந்தோம். அந்த மௌனம் இன்னும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

அது காக்கைக் கூச்சலன்று. வாக்ரிபோலி என்னும் மொழி. நரிக்குறவர் தங்களை வாக்ரி என்றே அழைத்துக்கொள்வர். தமிழோடு அன்றி, குஜராத்தி முதலிய வடமாநில மொழிகளோடு உறவுடையது அது. அவர்தம் முன்னோர் வந்த வழியை இன்றளவும் சொல்லி நிற்பது அம்மொழியே. விருத்தாசலத்துக்கு அண்மையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சீனிவாச வர்மா அம்மொழியை ஆராய்ந்து எழுதிய நூலை 1970-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. 2023-இல் நரிக்குறவர் தமிழகப் பழங்குடியினர் பட்டியலிலும் சேர்க்கப்பட்டனர். ஆயினும் தனக்கென எழுத்தில்லாத மொழி, தாயின் வாயிலிருந்து பிள்ளையின் செவிக்குச் சென்றாலன்றி வாழாது. ஒரு தலைமுறை வெட்கி வாய் மூடினால் போதும், அது மடிந்துவிடும்.

மெக்சிகோ நாட்டின் நாவாட்டில் மொழியை எண்ணிப் பார்ப்போம். ஸ்பானியர் அந்நாட்டை வென்றபின் அது தோற்றவர் மொழியாயிற்று. எனினும் 1531-இல் குவாதலூப்பே அன்னை எளியவரான புனித யுவான் தியேகோவிடம் பேசியது ஆள்வோர் மொழியிலன்று, அவருடைய தாய்மொழியாகிய நாவாட்டிலில் என்பதே மரபு. அக்காட்சியின் வரலாறு 1649-இல் அச்சேறியதும் அம்மொழியிலேதான். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் வடிவங்களில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைப் பேசுவதாக 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகின்றது.

விண்ணக அன்னை இழிவெனக் கருதாததை நாம் இகழலாமா? பாசிமணி விற்கும் தாய் அடுத்தமுறை நம் வாயிலுக்கு வரும்போது, "அம்மா, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?" என்று கேட்போம். அவர் சொல்வதை நம் பிள்ளைகளும் சொல்லிப் பார்க்கட்டும். வகுப்பில் உடன் பயிலும் நரிக்குறவச் சிறாரின் பேச்சைக் கேலி செய்யலாகாது என்பதையும் அவர்களுக்கு வீட்டிலேயே கற்பிப்போம்.

சந்திப்பில் நாம் சொல்லத் தவறியதை இங்கே சொல்லிவிட்டோம். அச்சிறுமியை மீண்டும் காண நேர்ந்தால், அவளிடமும் சொல்வோம்.