ஏரி தெரியுமா என்று கேட்கிறீர்கள், டிரைவர் எங்கே படுப்பார் என்று கேட்டீர்களா?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம்கூட வரலாம். வந்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கொடைக்கானலில் சீசன் நேரத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஏரியைச் சுற்றி நடந்து பாருங்கள். ஐந்து கிலோமீட்டர். பனி மூடிய தண்ணீர் அழகுதான். அதோடு ரோட்டோரம் நிற்கும் வண்டிகளையும் பாருங்கள். கண்ணாடி முழுக்க உள்ளிருந்து வேர்த்திருக்கும். சீட்டைச் சாய்த்துப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காலைக் குறுக்கி ஒரு ஆள் படுத்திருப்பார். நம்மைக் கீழேயிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். நாம் மேலே வாடகை வீட்டில் ரஜாய்க்குள் இருப்போம்.

இந்த மே மாதத்துக்கு எங்கள் குடும்பத்திலும் திட்டம் நடக்கிறது. லாட்ஜ் வேண்டாமாம், ஏரிப் பக்கம் தனி வீடாக எடுக்க வேண்டுமாம். நாலு பெட்ரூம், 14 பேர், இரண்டு ராத்திரி. வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக இதே பேச்சுதான். பால்கனியிலிருந்து ஏரி தெரியுமா, கேம்ப் ஃபயர் உண்டா, வெந்நீர் எப்போதும் வருமா, வைஃபை வேகம் எப்படி, சமையலுக்கு ஆள் கிடைக்குமா, நாய்க்குட்டியைக் கூட்டி வரலாமா. நாற்பது கேள்விக்குக் குறையாது. நாய்க்குட்டிக்கு இடம் கேட்டவர்கள், வேன் ஓட்டி வருகிற தம்பிக்கு இடம் கேட்கவில்லை.

நான் கேட்டேன். "அவரு வண்டிலயே படுத்துக்குவாரு அத்தை, அவங்களுக்கு அது பழக்கம்" என்று பதில் வந்தது.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு. என் தம்பி மகனை மட்டும் சொல்லவில்லை. அவன் நல்ல பிள்ளை. நம்மில் பெரும்பாலோர் சொல்கிற பதிலைத்தான் அவனும் சொன்னான்.

வத்தலக்குண்டு பக்கம் மலையடிவாரப் பள்ளிக்கூடத்தில் 34 வருஷம் பாடம் நடத்தியவள் நான். என்னிடம் படித்தவர்களில் டாக்டர் இருக்கிறார்கள், ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கிறார்கள். இதே மலை ரோட்டில் காரும் வேனும் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னவர்கள். இன்று ஒருவன் பின் சீட்டில், ஒருவன் முன் சீட்டில். பகலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ராத்திரியில் ஒருவனுக்குக் கட்டில், ஒருவனுக்கு ஸ்டியரிங்.

"பழக்கம்" என்கிறீர்களே, அது என்ன பழக்கம் என்று பார்ப்போம். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். மே மாதத்திலேயே ராத்திரி கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. மார்கழி, தையில் கேட்கவே வேண்டாம். கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டும், இறக்கினால் குளிர் அறுக்கும். குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்கினால் இன்னும் ஆபத்து. புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய வண்டிக்குள் அது சேர்ந்தால் தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. சரி, விடிந்ததும் அவர் கழிப்பறைக்கு எங்கே போவார்? எங்கே பல் தேய்ப்பார், குளிப்பார்? இதற்கெல்லாம் பழக்கம் என்றா பேர்? வேறு வழி இல்லாததற்குப் பழக்கம் என்று நாம் பேர் வைத்திருக்கிறோம்.

இரக்கத்தை விடுங்கள், சுயநலமாகவே யோசியுங்கள். காட்ரோட்டில் ஏற ஆரம்பித்தால் டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, சில்வர் அருவி என்று வளைவுக்கு மேல் வளைவு. இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். எதிரே பஸ் வரும், பனி இறங்கும், ஒரு பக்கம் பள்ளம். இரண்டு ராத்திரி சரியாகத் தூங்காதவரின் கண்ணை நம்பி 14 உயிர்களை ஒப்படைக்கிறீர்கள். பிரேக் பிடிக்குமா என்று விசாரிக்கிற நாம், பிரேக்கை மிதிப்பவர் தூங்கினாரா என்று விசாரிக்க வேண்டாமா?

அந்த ஊரின் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். கொடைக்கானல் உருவானதே ஓய்வுக்காகத்தான். மதுரையில் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பித்து வந்து 1845ல் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863ல் கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். மோட்டார் ரோடு வருவதற்கு முன்பு, அடிவாரத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். பிறகு வந்த ரோட்டுக்கு லா என்கிற வெள்ளைக்கார மேஜரின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? பாடத்தில் இதைப் படித்தால் வெள்ளைக்காரனைத் திட்டுவோம். இன்று தோள் போய் ஸ்டியரிங் வந்திருக்கிறது. நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஹோட்டல், லாட்ஜ் கட்டினால் விருந்தினர்களின் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறை, குளியலறையும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு கட்டட விதிகளில் 2023ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ஆனால் நாம் இப்போது லாட்ஜை விட்டுவிட்டு வில்பட்டியிலும் அட்டுவம்பட்டியிலும் வட்டக்கானலிலும் தனி வீடு தேடுகிறோம். 2024 மே 7 முதல் மலைக்குப் போக இ-பாஸ் வேண்டும், அதற்கு வண்டி நம்பரைக் கொடுக்கிறோம். வீட்டுக்காரரிடம் விருந்தினர் எத்தனை பேர் என்று சொல்கிறோம். பாஸில் வண்டி இருக்கிறது, வீட்டில் விருந்தினர் இருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர் இரண்டுக்கும் நடுவில் காணாமல் போய்விடுகிறார்.

இனி நீங்கள் சொல்லப் போகிற பதில்கள்.

"நைட் ஹால்ட்டுக்குத் தனியா பேட்டா கொடுக்கிறோமே டீச்சர்!" கொடுக்கிறீர்கள். அது அவர் வீட்டை விட்டு ராத்திரி தங்குவதற்கான கூலி. சீசனில் கொடைக்கானலில் அந்தக் காசுக்கு அறை கிடைக்கும் என்றால், நீங்களே ஒரு ராத்திரி அதில் தங்கிக் காட்டுங்கள். அதை மிச்சம் பிடித்துப் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டலாம் என்று அவர் நினைப்பார். அந்த நினைப்பை நமக்குச் சாதகமாக்கிக்கொள்வது தர்மமா?

"வீட்டுல பொம்பளைப் பிள்ளைங்க இருக்காங்க." உங்கள் பெட்ரூமில் படுக்க வையுங்கள் என்று நான் சொன்னேனா? வெளிப்பக்கம் கதவுள்ள ஒரு சின்ன அறை, இல்லையென்றால் பக்கத்தில் ஒரு கட்டில். இதே பொம்பளைப் பிள்ளைகளை ராத்திரி மலைப்பாதையில் அவரை நம்பித்தானே கூட்டிப் போகிறீர்கள்?

"வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டேங்கிறார்." அப்படியானால் அந்த வீடு வேண்டாம். ஏரி தெரியாத வீட்டை வேண்டாம் என்று தள்ளத் தெரிகிறதல்லவா?

கணக்கு டீச்சர் என்பதால் கணக்கும் போட்டுவிடுகிறேன். ஒரு ராத்திரிக்கு 18,000 ரூபாய் என்று வீடு பார்த்திருக்கிறார்கள். இரண்டு ராத்திரிக்கு 36,000. 14 பேர் பங்கு போட்டால் தலைக்கு ஏறக்குறைய 2,571 ரூபாய். டிரைவருக்குத் தனியாக ஒரு சாதாரண அறை, சீசன் விலையில் 1,400 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ராத்திரிக்கு 2,800. தலைக்கு 200 ரூபாய். ஏரிக்கரையில் சோளக்கருதும் சாக்லேட்டும் வாங்கினால் போய்விடுகிற காசு. பிரச்சினை பணம் இல்லை. அவரை ஒரு ஆளாக எண்ணாததுதான் பிரச்சினை. நாம் 14 பேர் இல்லை, 15 பேர். தொகையே தப்பாக இருந்தால் விடை எப்படிச் சரியாக வரும்? 15 என்று திருத்துகிற வரைக்கும் நான் இந்தப் பயணத்துக்கு வரவில்லை என்று குழுவில் எழுதிவிட்டேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்.

வீடு பிடிக்கப் பேசும்போது முதல் கேள்வியாக டிரைவருக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டில், போர்வை, கழிப்பறை, வெந்நீர் நான்கும் உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்றால் இல்லை என்று அர்த்தம். ராத்திரிச் சாப்பாடு உங்களுக்கு ஆகும் நேரத்திலேயே அவருக்கும் ஆகட்டும். கேம்ப் ஃபயர் முடிந்து மிஞ்சியதைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். திரும்புகிற நாளுக்கு முந்தைய ராத்திரி "அப்படியே ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று அவரை எழுப்பாதீர்கள்.

மலையில் வீடு வாங்கி வாடகைக்கு விடுகிற என் மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். பார்பிக்யூ மேடை கட்டிய இடத்தில் பாதி போதும், ஒரு அறை போடலாம். போட்டால் விளம்பரத்தில் ஏரி படத்துக்குப் பக்கத்திலேயே அதையும் போடுங்கள்.

ஸ்டியரிங் பிடிக்கிற என் பிள்ளைகளே, சவாரி பேசும்போதே படுக்க இடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். சவாரி போய்விடும் என்ற பயம் எனக்குப் புரியும். அதனால்தான் உங்களுக்கு முன்னால் அவர்களைக் கேட்கச் சொல்லி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லோரும் போய் வாருங்கள், ஏரியில் படகு விடுங்கள், பத்திரமாக இறங்குங்கள். இந்த வருஷம் போகிறவர்கள், டிரைவர் எங்கே தூங்கினார் என்று கீழே கமென்டில் ஒரு வரி எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்