நியூட்ரலில் இறங்கும் புத்திசாலிகள்

சேலத்தில் கிளம்பும்போது கார் டேஷ்போர்டு "இன்னும் 120 கி.மீ. ஓடும்" என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்திப் பார்த்தால் 50 தான் இருக்கும். ஓடியது என்னவோ முப்பது கிலோமீட்டர். மீதி நாற்பதை யார் குடித்தது?

யாரும் குடிக்கவில்லை. அந்த டிரிப் கம்ப்யூட்டருக்கு மலை என்று ஒன்று இருப்பதே தெரியாது! டேங்கில் உள்ள மிதவையை வைத்து மீதி பெட்ரோலை அளக்கிறது. சக்கரம் சுற்றிய கணக்கில் தூரம், இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்துச் செலவு. சமீபத்தில் கிடைத்த மைலேஜால் மீதி பெட்ரோலைப் பெருக்கித் திரையில் போடுகிறது. நேற்று போன பைபாஸை வைத்து இன்றைய மலைக்கு ஜோசியம்.

ஏற்காடு சேலத்தைவிட சுமார் 1,200 மீட்டர் உயரம். ஆளும் மூட்டையுமாக 1,200 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் ஆகும். (பெட்ரோலின் சக்தியில் கால்பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது என்ற கணக்கில்.)

இதுவரை கூடப் பரவாயில்லை. மேலே அந்த 50-ஐப் பார்த்துப் பயந்து, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று நியூட்ரலில் இறங்குகிறார்களே, அவர்களை என்ன சொல்வது? இது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் வேகம் ஐட்லிங்குக்குப் பக்கத்தில் வரும்வரை இன்ஜெக்டர் மூடியே இருக்கும். சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். ஆக, மிச்சம் பிடிப்பவர்தான் செலவு செய்கிறார்!

காசு போனால் போகட்டும். இன்ஜின் பிடித்து இழுப்பது போய்விட்டால் வண்டியின் மொத்த எடையும் பிரேக் மேல்தான். அது வளைவுக்கு வளைவு சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. இன்னும் சில மேதாவிகள் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். அப்போது பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து போச்சு.

நம்பாதவர்கள் அடுத்த முறை இரண்டாவது கியரில் இறங்கட்டும். அந்த நொடியின் மைலேஜ் எண் உச்சத்தில் போய் நிற்கும். அதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும், ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும்.